நாலு பத்து நிற்கும் வீடு

மாலை நாலு பத்து பாசஞ்சர், போர்டுக்காரர் வீட்டு ஹால் வழியாகப் போக ஆரம்பித்தது அவர்கள் அங்கே குடிவந்த மூன்றாவது மாதம். பின்சுவரிலிருந்து பதினோரு அடியில் தண்டவாளம். மற்ற வண்டிகள் எல்லாம் ஒழுங்காக அதன் மேலேயே போயின. நாலு பத்து மட்டும் சுவரில் ஒரு கீறல்கூட விழாமல் உள்ளே வந்து, பீரோவுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவே பன்னிரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு, தெருப்பக்கச் சுவர் வழியாக வெளியேறியது. முதல் வாரம் அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் அலறியடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். இரண்டாவது வாரம் நாற்காலிகளை ஒதுக்கிப் போட்டார்கள். மாதக் கடைசியில் அம்மாவுக்கு ஒரே ஒரு புகார்தான் மிச்சம்: கொடியில் கிடக்கிற துணியை நாலு மணிக்குள் எடுக்காவிட்டால் புகை படிகிறது.

வீட்டைக் காட்டிய புரோக்கர், வண்டி வராத நேரமாகப் பார்த்துத்தான் கூட்டி வந்திருந்தார். அதை நினைத்து வருத்தப்படும் ஆள் இல்லை போர்டுக்காரர். ஊரில் உள்ள கடைகளுக்கெல்லாம் பெயர்ப்பலகை எழுதிவிட்டு, தன் பெயரை எழுத ஒரு சொந்தச் சுவர் இல்லாமல் இருபது வருடம் வாடகை வீடுகளில் காலம் தள்ளி, கடைசியில் இதை வாங்கியவர் அவர். தண்டவாளத்தோரம் வாழ்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் தானாக வந்துவிடும். வண்டி வந்தால் பேச்சை நிறுத்துவார்கள். கடைசிப் பெட்டி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். கத்திப் பிரயோஜனமில்லை, தொண்டைதான் கெடும். ஒருமுறை விருந்தாளியாக வந்த மைத்துனர், பாதிப் பேச்சில் அக்காவும் அத்தானும் வாயை மூடிக்கொண்டதைப் பார்த்து, கோபித்துக்கொண்டார்களாக்கும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியே விட்டார்.

அந்தப் பழக்கம்தான் குடியைக் கெடுத்தது. வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கும் மகளுக்கு அப்போது இருபது வயது. ஒரு விடுமுறை நாளில் தலைக்குக் குளித்து, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஹாலுக்கு வந்தவள், "இந்த வண்டி அதிர்ச்சியில, ஆபீஸ்ல உட்கார்ந்தாலும் கை ஆடுதுப்பா. இதை வித்துட்டு வாடகைக்கே போயிடலாம்" என்றாள்.

"சொந்தச் சுவர்ல ஒரு ஆணி அடிக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா?"

"அடிச்ச ஆணி நிக்குதா? ஒவ்வொரு வண்டிக்கும் ஒண்ணு விழுது. காலையில பெருக்கி அள்ளறது நான்தானே!"

அம்மா அடுக்களையிலிருந்து சிரித்தாள். சிரித்திருக்கக் கூடாது. அவருக்குச் சுருக்கென்றது. வார்த்தை தடித்தது. "அப்போ நான் போறேன்" என்றாள் மகள். "போகணும்னா போ" என்று அவர் ஆரம்பித்தார். சொல்ல வேண்டியது இன்னும் பாதி இருந்தது. நாலு பத்து வந்துவிட்டது. பழக்கதோஷம், வாயை மூடிக்கொண்டார். மகள் அந்த மூடிய வாயை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பக்கத்து அறைக்குப் போகிறவள் மாதிரி, மூன்றாவது பெட்டியின் படியில் கால் வைத்து ஏறிவிட்டாள். கடைசிப் பெட்டி போனபோது தரையில் அவள் சீப்பு கிடந்தது. மீதி வாக்கியம் அவர் வாயிலேயே கிடந்தது.

மறுநாள் மூன்றாவது பெட்டி ஜன்னலில், தலையில் துண்டோடு அவள் தெரிந்தாள். அதற்கடுத்த நாளும். அந்தப் பெட்டிக்குள் காலம் வேறு வேகத்தில் ஓடியது என்பது துண்டு காணாமல் போன பிறகுதான் புரிந்தது. இங்கே ஒரு வருடம் முடிந்தபோது அங்கே அவளுக்கு முப்பது வயது. இரண்டாம் வருடம் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். மூன்றாம் வருடம் ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐம்பது வயதுப் பெண்ணைப் பார்த்து, அவளைவிட ஒரு வயதுதான் மூத்தவளான அம்மா சுவரில் முட்டிக்கொண்டாள். போர்டுக்காரர் செய்யாதது இல்லை. சிவப்புத் துணியை ஆட்டினார். குறுக்கே படுத்தார், வண்டி அவர் மேல் ஏறிப் போனது, சட்டையில் கரி மட்டும் ஒட்டியது. ஏறப் பார்த்தார், கம்பி புகை மாதிரி கையில் நழுவியது. கூப்பிட்ட குரல் ஜன்னலைத் தாண்டவில்லை.

"போன்னு சொன்னீங்களே, போயிட்டா. இப்போ சந்தோஷமா?" என்று அம்மா தினமும் கேட்டாள். தான் முழுதாகச் சொல்லவில்லை என்று சொல்ல அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு வண்டி வந்தது.

நான்காம் வருடம் அம்மா சாப்பிடுவதையும் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். "இன்னும் ரெண்டு மூணு வருஷம் போனா, ஜன்னல்ல அவ இருப்பாளான்னே தெரியாதுங்க" என்றாள். அன்றைக்கே அவர் ஸ்டேஷன் மாஸ்டர் காலில் விழப் போனார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட ஸ்டேஷன் மாஸ்டர், "வண்டி உங்க வீட்டுக்கு நேரத்துக்கு வருதா?" என்று விசாரித்தார். வருகிறது என்றதும் திருப்தியாகத் தலையாட்டினார். "ஸ்டேஷனே இல்லாத இடத்துல எந்த டிரைவர்ங்க நிறுத்துவார்? ஒரு போர்டாவது இருக்கணும்ல?"

போர்டுக்காரர் வீடு வரை தலையில் அடித்துக்கொண்டே வந்தார். ஊருக்கெல்லாம் போர்டு எழுதுகிற கைக்கு நாலு வருடமாக இது தோன்றவில்லை. ஆறடிப் பலகையை இழைத்து, மஞ்சள் பூசி, சாக்பீசால் கோடு போட்டு உட்கார்ந்தவர், தூரிகையைத் தூக்கியபடியே விழித்தார். "பேர் என்ன எழுதறது?"

"என்னத்தை எழுதுவீங்க? வீடுன்னு எழுதுங்க" என்றாள் அம்மா.

கறுப்பில் அகல எழுத்தாக எழுதி, வண்டி வரும் திசையைப் பார்த்தபடி ஹால் உத்தரத்தில் தொங்கவிட்டார். மறுநாள் நாலு பத்து, பிரேக் கிறீச்சிட, ஹாலில் நின்றது. ஒரே நிமிடம். மகளின் ஜன்னல், பலகையைத் தாண்டி இரண்டடி தள்ளி நின்றது. நரைத்த தலை வெளியே நீண்டது. எந்த ஊர் என்று பார்க்கப் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே வெறும் மரம். கடைப் பலகைக்கு முதுகு சுவரோடு போய்விடும் என்பதால் ஆயுசு முழுக்க ஒரு பக்கம் மட்டுமே எழுதிப் பழகிய கை அது. மகள் பார்வை அம்மா மேல் விழுந்தது. எந்த ஸ்டேஷனிலும் ஜன்னலோரம் நிற்கிற யாரோ ஒரு அம்மாளைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். போர்டுக்காரர் டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டு தூரிகையோடு பாய்ந்தார். முதல் எழுத்தின் சுழி முடிவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அம்மா அழவில்லை. கவிழ்ந்த பெயின்டைக் கையால் அள்ளி அள்ளி டப்பாவில் போட்டாள். "எழுதுங்க" என்றாள்.

மறுநாள், முதுகும் முகமாகிவிட்ட பலகையின் கீழ் நாலு பத்து நின்றது. நரைத்த தலை வெளியே நீண்டது. திரும்பிப் பார்த்தது. கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி படித்தது. நாற்பது நொடி போய்விட்டது. பெட்டிக்குள் யாரோ எழுந்திருக்கும் சத்தம், யாரையோ நகரச் சொல்லும் சத்தம். வண்டி அசைந்தபோது அறுபது வயதுப் பெண் ஒருத்தி படியிலிருந்து ஹால் தரையில் காலை ஊன்றினாள். கையில், மடித்த பழைய துண்டு. கடைசிப் பெட்டி போகும்வரை மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. போனதும் போர்டுக்காரர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"தலையைத் துவட்டிட்டுப் போ. சளி பிடிக்கும்."

மகள் தலையைத் தொட்டுப் பார்த்தாள். "காஞ்சுடுச்சுப்பா" என்றாள்.

அடுத்த மாதம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த டீச்சர், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டாள். அப்பா, ஐம்பத்தாறு. அம்மா, ஐம்பத்திரண்டு. மகள், அறுபது, முன்பு வக்கீல் ஆபீசில் டைப் வேலை. "மகளுக்குத் தொழில்?" என்று கேட்டவள், சட்டென்று நிறுத்தி, காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டாள். நாலு பத்து வந்து, ஒரு நிமிடம் நின்று, கிளம்பிப் போனது. டீச்சர் காலை இறக்கிவிட்டு, "டைப்பிஸ்ட்டுன்னே போட்டுக்கவா?" என்று கேட்டாள்.