மஸ்டர்ட் பேபி

“நீ யாரையாச்சும் லவ் பண்றியா அனு?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேல்குமார் அண்ணன் என்னைக் கேட்டான். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். ஆமாம் என்பதா, இல்லை என்பதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டான். அவனுக்கு என் பதில் வேண்டியதில்லை. பாட்டுக்கு வரிதான் வேண்டும்.

வேல்குமார் என் பெரியம்மா மகன். ராயபுரத்தில் ஒரே காம்பவுண்டில் எதிரெதிர் வீடு. வேலையும் ஒரே பனியன் கம்பெனியில்தான். அவன் பேக்கிங். நான் மூன்றாவது லைனில் கைமடி. டெய்லர் தைத்துப் போடுகிற பீஸை எடுத்து, நூல் வெட்டி, மடித்து, கட்டுக் கட்டி அடுத்த மெஷினுக்குத் தள்ள வேண்டும். பத்தாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து இதுதான். வாயைத் திறக்காமல் நாள் முழுக்கச் செய்யலாம் என்பதால் எனக்குப் பிடித்த வேலை.

அண்ணன் எங்கிருந்தோ ஒரு பழைய லேப்டாப் வாங்கி வந்து, அதிலேயே பாட்டு செய்ய ஆரம்பித்திருந்தான். மேளம், வயலின் எதுவும் கிடையாது. எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தே வரும். ஓவர்லாக் மெஷின் ஓடுகிற சத்தத்தைப் போனில் பிடித்து வந்து, அதை வெட்டி, வேகத்தைக் குறைத்து, தாளமாக வைத்திருந்தான். அது நன்றாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கேட்டால் கால் தானாக ஆடும். பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் பாட்டில் விழக்கூடாது என்று கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைகளை வாங்கி வந்து நாலு பக்கமும் அடுக்கி, நடுவில் உட்கார்ந்து வியர்வை வழியப் பாடுவான். பெரியம்மாவுக்குத்தான் வீட்டுக்குள் நடக்க இடமில்லை.

பாட்டு எல்லாம் தயார், வார்த்தை மட்டும் வரவில்லை. “லவ்வு லவ்வு லவ்வு, நீதாண்டி என் டவ்வு” என்று வாரக்கணக்கில் அதையே பாடிக்கொண்டிருந்தான். எதிர் வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. தாங்க முடியாமல்தான் அன்றைக்குப் பூண்டைப் பார்த்துக்கொண்டே நாலு வரி சொன்னேன்.

மஞ்சள் துணி சுற்றிய விரல்
என்னையே தைத்துக்கொண்டிருக்கிறது.
வலிக்கிறதா என்று கேட்க
எனக்கு வாய் வரவில்லை.

அதைக் கேட்டுத்தான் அவன் என்னை அந்தக் கேள்வி கேட்டான்.

அந்த விரல் இளங்கோவுடையது. இளங்கோ மூன்றாவது லைனில் பவர் டேபிள் டெய்லர். சோமனூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அவர் மெஷினுக்குப் பக்கத்தில்தான் நான் நிற்பேன். ஒருநாள் ஊசி அவருடைய ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்து இறங்கிவிட்டது. முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே யாரோ வைத்த சீப்பும் இருமல் மிட்டாயும்தான் இருந்தன. அப்போது ஓடிக்கொண்டிருந்த மஞ்சள் துணியின் வேஸ்டிலிருந்து ஒரு நீளம் கிழித்துக் கொடுத்தேன். அவர் ஒரு முனையைப் பல்லில் கடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டு, “மெஷினுக்கும் பசிக்குமில்லீங்க?” என்றார். நான் சிரிக்கக்கூட இல்லை. பீஸ் கட்டை எடுத்துத் தள்ளினேன். அதற்குப் பிறகு காயம் ஆறும் வரை, அந்த விரல் துணியைத் தள்ளுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பாட்டு என்றைக்காவது அவர் காதில் விழும், நான் ஒன்றும் சொல்லாமலேயே அவருக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அண்ணன் பாட்டைப் போட்டுக் காட்டினான். ‘மஞ்சள்’ போய் ‘மஸ்டர்ட்’ வந்திருந்தது.

“ஏண்ணா மாத்துன?”

“மஞ்சள்னா மங்களகரமா இருக்குது அனு. கல்யாணப் பத்திரிக்கை மாதிரி. மஸ்டர்ட்னாத்தான் ஒரு கெத்து.”

ஏற்றுமதிக்காரர்கள் அந்த நிறத்துக்கு வைத்திருக்கிற பெயர் அது, கடுகு என்று அர்த்தமாம். எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கடுகு கறுப்பாகத்தான் இருக்கிறது. போகட்டும். ‘விரல்’ என்று நான் சொன்ன இடத்துக்குப் பக்கத்தில் ‘பேபி’ சேர்ந்திருந்தது. ‘வலிக்கிறதா’ என்பதை லேப்டாப் துண்டு துண்டாக நறுக்கி, “வ, வ, வ, வலிக்குதா பேபி” என்று திக்கியது. அவன் குரலே அவன் குரலாக இல்லை. தகர டப்பாவுக்குள் யாரோ அழுவது மாதிரி இருந்தது.

“கடைசி வரி எங்க?”

“வாய் வரலன்னு எவனாச்சும் பாடுவானா? பாடிட்டுத்தானே இருக்கறேன். லாஜிக் இடிக்குதில்ல?” என்றான். அங்கே தாளம் மட்டும் தடதடவென்று ஓடியது.

‘மஸ்டர்ட் பேபி’ என்று பெயர் வைத்து, பாடல், இசை, குரல் எல்லாம் வேல்குமார் என்று எழுதி இணையத்தில் ஏற்றினான். என் பெயரைப் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. போடட்டுமா என்று அவனும் கேட்கவில்லை.

முதலில் பேக்கிங் ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஓடியது. பிறகு கட்டிங், அயர்னிங். அயர்னிங்கில் இருக்கிற பீகார் பையன்களுக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனால் டீ நேரத்தில் அதற்கு ஆடி ரீல்ஸ் எடுத்தார்கள். பக்கத்துக் கம்பெனிப் பெண்கள் ஆடினார்கள். யார் யாரோ ஆடினார்கள். கடைசியில் எங்கள் ஹாலில் இருக்கிற ஸ்பீக்கரிலேயே போட்டார்கள். சூப்பர்வைசர் மயில்சாமி அண்ணனே, “நம்ம பையன் பாட்டுப்பா, நல்லா வையி” என்றார்.

நான் இளங்கோவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மஸ்டர்ட் வந்தது. பேபி வந்தது. வ, வ, வ வந்தது. அவர் மெஷினிலிருந்து காலை எடுத்தார்.

“என்னங்க இது, காதுக்குள்ள ஊசி உடைஞ்ச மாதிரி இருக்குது?” என்று சொல்லிவிட்டு மறுபடி தைக்க ஆரம்பித்தார்.

பாட்டு பரவியதும் எல்லோரும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டார்கள். யார் அந்தப் பொண்ணு? அண்ணன் அதற்கு ஒரு சிரிப்புச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மயில்சாமி அண்ணன் இருபது வருஷமாகத் தப்பான பீஸைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்த லைன், எந்த மெஷின் என்று தேடிப் போய்ப் பிடிக்கிறவர். பாட்டையும் அப்படியே பிடித்தார். டீ நேரத்தில் நாலு பேரைச் சுற்றி வைத்துக்கொண்டு சொன்னார்.

“மஸ்டர்ட் கலர் நம்ம கம்பெனியில ஓடினது ஒரே ஆர்டர். அதுவும் மூணாவது லைன்ல மட்டும். விரல்ல துணி சுத்தியிருக்குதுன்னா ஊசி ஏறியிருக்கோணும். அந்த ஆர்டர்ல ஊசி ஏறின பொம்பளப்புள்ளை யாரு?”

“கிருத்திகா” என்றது ஒரு குரல்.

“அவ்வளவுதான். முடிஞ்சுது” என்று டீயை உறிஞ்சினார்.

கிருத்திகா எங்கள் லைனில் சிங்கர் மெஷின் டெய்லர். நெருப்பெரிச்சலிலிருந்து வருகிறவள். அவளுக்கும் அந்த வாரம்தான் ஊசி ஏறியது, அவளும் அதே துணியைத்தான் சுற்றிக்கொண்டாள். ஆண்களுக்கும் விரல் இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பாடுவது ஆண் என்பதால் எழுதியதும் ஆண். எழுதியது ஆண் என்பதால் விரல் பெண்ணுடையது. மஞ்சள் என்று விட்டிருந்தால் யாரும் தேடியிருக்கக்கூட மாட்டார்கள்.

“எனக்கு அந்த வேல்குமார் மூஞ்சியே சரியாத் தெரியாது அனு” என்றாள் கிருத்திகா. “எப்பப் பார்த்தாலும் பெட்டி தூக்கிட்டுப் போற முதுகுதான் தெரியும். ஊட்ல போனை வாங்கி வெச்சுட்டாங்க. எங்கப்பா, இந்த மாசத்தோட வேலைக்குப் போனது போதுங்கறாரு.”

மூன்று வருஷமாகக் கெஞ்சி வாங்கிய வேலை அவளுக்கு. சொல்லும்போது அவள் தைத்துக்கொண்டேதான் இருந்தாள். கோடு வளைந்து வளைந்து போனது.

சாயங்காலம் அண்ணனிடம் போனேன். “அது கிருத்திகா இல்லன்னு சொல்லிருண்ணா.”

“இல்லன்னா யாருன்னு கேப்பாங்க.”

“யாரும் இல்லன்னு சொல்லு.”

“யாரும் இல்லாம லவ் சாங்கா? அப்பறம் எவன் கேப்பான்? மர்மம் இருந்தாத்தான் அனு வியூஸ் ஏறும்.”

“அவ வேலை போகுதுண்ணா.”

அதற்குக் கொஞ்சம் முகம் வாடினான். சரி, இணையத்தில் ஒரு வரி போடுகிறேன் என்றான். போட்டான். ‘அவள் பெயரை நான் சொல்ல மாட்டேன். அவளுக்குத் தெரியும்.’ கீழே ஒரு மஞ்சள் இதயம். காலையில் கம்பெனிக்குப் போனால், எல்லோரும் கிருத்திகாவை இன்னும் நன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

இளங்கோவும் விடவில்லை. தைத்த பீஸைத் தள்ளிக்கொண்டே, “ஏனுங்க அனு, உங்கண்ணன்தானே? உங்களுக்குத் தெரியாம இருக்குமா? கிருத்திகாதானுங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க.”

“அப்பறம் யாருங்க?”

அவருடைய ஆள்காட்டி விரல் நகம் பாதி கறுத்து, பாதி புதிதாக முளைத்திருந்தது. அந்த விரலை ஆட்டித்தான் என்னைக் கேட்டார். எனக்கு வந்த எரிச்சலில் நூல் வெட்டுகிற கத்தரியால் பீஸையே வெட்டிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் கிருத்திகாவின் அப்பா ஆறுமுகசாமி வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கையில் மடித்த துண்டு. சாப்பாட்டு நேரம், மெஷின்கள் நின்றிருந்தன. எங்கள் லைன் ஆட்கள் அவரவர் இடத்திலேயே டிபனைத் திறந்திருந்தோம். அவர் நேராக மயில்சாமி அண்ணனின் மேஜைக்குப் போய்க் கும்பிட்டார்.

“தப்பா நெனைக்காதீங்க. புள்ளையக் கூட்டீட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

மயில்சாமி அண்ணன் பேக்கிங்குக்கு ஆள் அனுப்பி வேல்குமாரை வரவழைத்தார். கிருத்திகா தலையைக் குனிந்துகொண்டு அப்பாவுக்குப் பின்னால் நின்றாள்.

“ஏனுங்க தம்பி” என்றார் ஆறுமுகசாமி, சத்தமே இல்லாமல். “என்ற புள்ளைக்கும் உங்களுக்கும் என்னங்க?”

“ஒண்ணுமில்லீங்க, சத்தியமா ஒண்ணுமில்லீங்க.” அண்ணனுக்கு அந்தச் சிரிப்பெல்லாம் போயிருந்தது.

“ஒண்ணுமில்லாமத்தான் வலிக்குதா வலிக்குதான்னு உருகறீங்களா? ஊரே ஆடுது. எங்க பங்காளி ஊட்டுக் கல்யாணத்துல போட்டு ஆடறாங்க. நான் சோத்துல கைய வெச்சுட்டு உக்காந்திருக்கறேன்.”

“அது சும்மா வரிங்க. ஒரு ஃபீலுக்குப் போட்டதுங்க.”

“அப்ப அந்த விரல் யாருதுப்பா?” என்றார் மயில்சாமி அண்ணன். “சொல்லிட்டுப் போ. முடிஞ்சுது.”

வேல்குமார் அண்ணனுக்கு உண்மையிலேயே தெரியாது. என்னைக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டவன்தானே. இப்போது என் பக்கம் பார்த்தான். நான் எழுதினேன் என்று சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். அவன் பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டான்.

“வா சாமி, போலாம்” என்று ஆறுமுகசாமி மகளின் கையைப் பிடித்தார். கிருத்திகா இன்னொரு கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அது கிருத்திகா இல்லீங்க” என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். என் குரலை அந்த ஹாலில் பாதிப் பேர் அன்றைக்குத்தான் கேட்டிருப்பார்கள்.

“நீ எதுக்கு அம்மிணி இதுல?” என்றார் மயில்சாமி அண்ணன்.

“வரி நான் சொன்னதுங்க. அண்ணன் மாத்திப் பாடிடுச்சு. அது பொண்ணு விரல் இல்லீங்க.”

அதோடு விட்டிருக்கலாம். எழுதியது நான்தான் என்று தெரிந்துவிட்டது, கிருத்திகாவுக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்துவிட்டது. எந்தப் பெயரையும் நான் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் மாட்டேன். ஆனால் மயில்சாமி அண்ணனுக்கு ஒரு வேலையைப் பாதியில் விடத் தெரியாது. கண்ணைச் சுருக்கிக் கூரையைப் பார்த்தார்.

“பொண்ணு இல்லீனா… அந்த ஆர்டர்ல ஊசி ஏறின ஆம்பளை…” நான் வேண்டாம் என்று தலையாட்டுவதை அவர் பார்க்கவே இல்லை. “அட, நம்ம இளங்கோ.”

கண்டுபிடித்த சந்தோஷம் அவர் முகமெல்லாம் தெரிந்தது.

ஆறுமுகசாமி மகளின் கையை விட்டார். என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “நீங்க சாப்பிடுங்க கண்ணு” என்றார். மகளைப் பார்த்து, “போயி வேலையப் பாரு” என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கிருத்திகா என் பக்கத்தில் வந்து நின்றாள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மியூசிக் நான் போட்டதுங்க” என்றான் வேல்குமார் அண்ணன், யாரும் கேட்காமலேயே. “அதையும் சொல்லு அனு.”

நான் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. இளங்கோவைப் பார்த்தேன். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தேன். ஹாலே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. செக்கிங் மேஜையிலிருந்து யாரோ மெதுவாக, “பேபி” என்றார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

இளங்கோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்திருந்தது. கையிலிருந்த சோற்றை டிபனிலேயே போட்டு மூடினார். அவருடைய முகத்தில் கோபம் இருந்ததா, கூச்சமா, வேறு ஏதாவதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இவ்வளவு நாள் பக்கத்தில் நின்று பார்த்த முகம். நான் கேட்க நினைத்ததைக் கேட்க இதுதான் நேரம் என்று எனக்குத் தெரிந்தது. கேட்டிருந்தால் ‘வலிக்குதுங்களா’ என்று ஒரே வார்த்தை. ஆனால் மயில்சாமி அண்ணன், வேல்குமார் அண்ணன், செக்கிங்காரர்கள் எல்லோரும் நடுவில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர் எழுந்தார். குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். திரும்பி வந்து மெஷின் லைட்டை அணைத்தார். ஆணியில் தொங்கிய பையை எடுத்து டிபனை உள்ளே வைத்து, தோளில் மாட்டினார். இன்னும் அரை ஷிப்ட் பாக்கி இருந்தது. “எங்கப்பா கிளம்பிட்ட?” என்று மயில்சாமி அண்ணன் கேட்டதற்கு அவர் நிற்கவில்லை. என்னைத் தாண்டும்போது கொஞ்சம் வேகம் குறைந்த மாதிரி இருந்தது. வழியில் கிடந்த கட்டுகளுக்காகவும் இருக்கலாம். அவற்றைச் சுற்றிக்கொண்டு, படி இறங்கிப் போய்விட்டார்.