ஆகாத மருந்தின் நடுவே ஒரு கமா

அடுத்தவர் எழுதிய நிரலைச் சரிபார்க்கும் கோட் ரிவ்யூவில் அவளிடம் மாட்டியவர்கள் லேசில் தப்பியதில்லை. அன்று மாட்டியவன் ஆமை. வேலை செய்யும் வேகத்தைப் பார்த்து அலுவலகமே வைத்த பெயர் அது.

மருத்துவமனைக்கான மென்பொருள். நோயாளிக்கு ஆகாத மருந்துகளை ஒரு டெம்ப்ளேட், அதாவது தயார் படிவம், எழுதித் தரும். பார்த்தால் பட்டியல், உண்மையில் அடைப்புக்குறி மாட்டிக்கொண்ட வெறும் எழுத்துச் சரம். ஒவ்வொரு பெயரும் மேற்கோள் குறிக்குள், பெயருக்கும் பெயருக்கும் நடுவே கமா. அதைச் சரியாகப் பிரித்தால்தான் கட்டிலுக்கு மேலிருக்கும் திரையில் சிவப்பு எச்சரிக்கை வரும். பழைய நிரல் கமா கண்ட இடமெல்லாம் வெட்டியது. ஆமை அதைத் தூக்கிவிட்டு அறுபது வரி எழுதியிருந்தான்.

"மலையைக் கெல்லி எலி புடிக்கிறீங்களா?" என்றாள்.

"பேருக்குள்ளேயே கமா இருந்தா என்ன மேடம் பண்றது?"

"மருந்துப் பேர்ல யாரு கமா போடப்போறா?"

கேட்டு முடிக்கும்போதே நினைவு வந்தது. அவள் அக்கா போட்டிருந்தாள். நாளைக் காலை அதே மருத்துவமனையில் அக்காவுக்கு அறுவை சிகிச்சை. அக்கா வேதியியல் டீச்சர், சும்மா இருப்பாளா? ஆகாத மயக்க மருந்து எது என்று கேட்டதற்கு, எண்ணும் கமாவுமாக அதன் முழு ரசாயனப் பெயரைக் கொடுத்திருந்தாள்.

அந்தப் பெயரைப் பழைய நிரலில் போட்டாள். இரண்டு துண்டானது. இரண்டு துண்டுமே எந்த மருந்தும் இல்லை. 'தடை ஏதுமில்லை' என்றது திரை. ஆமையின் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள்.

"உங்களோடத ஓட்டுங்க. நிறுத்தி நிறுத்தி."

ஆமையின் நிரல் எழுத்தெழுத்தாக நடந்தது. மேற்கோள் திறந்ததை ஞாபகத்தில் வைத்துக்கொண்டது. எண் வந்தது. கமா வந்தது. இன்னும் மேற்கோளுக்கு உள்ளேதான் இருக்கிறோம் என்று அதற்குத் தெரிந்திருந்தது. கமாவையும் சேர்த்துக்கொண்டு நகர்ந்தது. மேற்கோள் மூடியபோது பெயர் முழுசாக நின்றது, திரை சிவந்தது. பெயருக்குள் அடைப்புக்குறி வைத்துப் பார்த்தாள், மேற்கோளுக்குள் மேற்கோள் வைத்துப் பார்த்தாள். நிரல் அசையவில்லை. அவள் பிரமித்துப்போனாள். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு பொறுமையை அவள் எந்த நிரலிலும் கண்டதில்லை. அறுபதில் ஒரு வரிகூடக் கூடுதல் இல்லை.

"இத எப்ப ஆஸ்பத்திரி சர்வர்ல ஏத்துறீங்க?"

"நாளைக்கு மதியம் மேடம்."

"இப்பவே ஏத்துங்க. நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

காலையில் மயக்க மருத்துவர் அக்காவின் கட்டிலுக்கு மேலிருந்த திரையை அண்ணாந்து பார்த்தார். தட்டிலிருந்த ஊசியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வேறொன்று கொண்டுவரச் சொன்னார்.

"பேரை முழுசா போட்டிருக்காங்க பாருடி," என்றாள் அக்கா திருப்தியாக. "ஒரு எழுத்து விடல. யாரோ நல்லாப் படிச்சவன் வேலை."

தங்கை அக்காவின் கையைப் பிடித்தபடி சிவப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கமா இருந்த இடத்திலேயே இருந்தது.