இரண்டு முறை எண்ணப்பட்டவர்கள்

1

இந்தக் கதை பஸ் நிறுத்தத்தில் என்னைத் தொற்றிக்கொண்டது. "நாங்க பொய் சொல்றதில்ல. ஆனா முழுசா சொல்றோமான்னு எங்களுக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டு, மருத்துவ ஆய்வு செய்யும் தோழி பஸ் ஏறிப் போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

தொடக்கம்: அக்கா கணினியை அணைத்துவிட்டு ஜன்னலோரம்...

(வேண்டாம். என் கதைகளில் எல்லாரும் ஜன்னலோரமே நின்று தொலைக்கிறார்கள்.)

2

கதையில் வரும் அக்காவின் வேலை மெட்டா அனாலிசிஸ். பலர் தனித்தனியே செய்த ஆய்வுகளைத் திரட்டி, கூட்டி, ஒரே விடை சொல்வது. தங்கைக்குத் திடீரென்று இடது காது அடைத்துப்போனது. காதுக்குள் ஊசி போட்டால் கேட்கலாம். செவிப்பறை கெட்டும் போகலாம். தாமதித்தால் ஊசியும் பலிக்காது. "நீ சொன்னா போட்டுக்கிறேன்" என்றாள்.

அக்கா பதினொரு ஆய்வுகளைக் கூட்டினாள். தனியாக இருந்தபோது ஒவ்வொன்றும் முணுமுணுத்தது. சேர்ந்ததும் பலன் உண்டென்று உரக்கச் சொல்லின. இந்த முறையின் அழகே அதுதான். "போட்டுக்கோடி" என்று சொல்லிவிட்டாள்.

ஊசி போடும் நாள் காலையில்தான் உறைத்தது. இரண்டு கட்டுரைகளில் இருந்தது ஒரே மருத்துவமனை, ஒரே நோயாளிகள். எழுதியவர்கள் மட்டும் வேறு. அவர்களை இரண்டு முறை எண்ணியிருக்கிறாள். ஒன்றை நீக்கினாள். விடை மதில்மேல் பூனையாகிவிட்டது.

(இவ்வளவு தேர்ந்தவள் இதைக் கோட்டைவிடுவாளா? எனக்கே சந்தேகம்தான். தங்கை என்று வந்தால் யாருக்கும் கை பதறும்.)

3

அக்கா மருத்துவமனை வராந்தாவுக்கு ஓடினாள்.

"ஏன்க்கா மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"தப்பாக் கூட்டிட்டேன்டி. பலன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்."

"எனக்குக் கேக்குமா, கேக்காதா? அதைச் சொல்லு."

"உனக்குன்னு சொல்ல முடியாது. சராசரிதான் தெரியும். அதுவும் வெளிய வந்த ஆய்வுகளோடது. பலிக்காததை யாரு எழுதி அனுப்புறா?"

"அப்புறம் எதுக்குக்கா நீ படிச்சே?"

செவிலி கதவைத் திறந்து தங்கையைக் கூப்பிட்டாள்.

4

முடிவுகள்.

அ. ஊசி போட்டாள், நன்றாகக் கேட்கிறது.

ஆ. போட்டாள், கேட்கவில்லை.

இ. போடவில்லை, தானாகவே சரியானது. (நம்புவீர்களா? அப்படியும் நடக்கிறது.)

மூன்றையும் கூட்டி வகுத்தால் அரைகுறையாகக் கேட்கிற ஒரு தங்கை கிடைக்கிறாள். அவள் என் எந்த முடிவிலும் இல்லை.

எனக்குத் தைரியம் போதவில்லை. போடலாமா என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ஆனால் ஒன்று. நான்காவதாகவும் ஒரு முடிவு எழுதினேன். படிக்கவே பிடிக்காமல் கிழித்துப் போட்டுவிட்டேன். மிச்சம் இருப்பதை வைத்துத்தான் நீங்கள் சொல்லியாக வேண்டும். தங்கை கதவருகே நிற்கிறாள்.