ஒரே நாணல்

பெண் கேட்கப் போன வீட்டில் நாணல் குழலை மறுத்தவன் எங்கள் ஊரில் யாருமில்லை. வாழை மதுப் பானையில் ஒரே குழல்தான் நிற்கும். பெண்ணின் அப்பா உறிஞ்சுவார், பிறகு மாப்பிள்ளை, பிறகு சுற்றியிருப்பவர்கள். வேண்டாம் என்றால், இந்த வீட்டில் விஷம் வைப்பார்கள் என்று சொன்னதாக அர்த்தம்.

முகாந்தோரியைப் பெண் கேட்கப் போன என் நண்பன் கசோரேயும் மறுக்கவில்லை. அன்று அவள் வீட்டில் பாதிப் பேருக்குச் சளி. அவள் அப்பா செபாகோ மூக்கைத் துடைத்துவிட்டுத்தான் குழலில் வாய் வைத்தார்.

கசோரேயும் நானும் மலையில் கொரில்லாக்களின் தடம் பார்ப்பவர்கள். முந்தைய இரவு அவை படுத்த இலைப்படுக்கைகளைத் தேடிப் போவோம். கிடக்கும் சாணத்தைப் பார்த்தாலே எது நலம், எது நோய்ப்பட்டது என்று தெரிந்துவிடும். இருமல் உள்ளவன் மலை ஏறக் கூடாது. நமக்கு மூக்கொழுகலோடு போவது அவற்றுக்கு நெஞ்சில் இறங்கிவிடும்.

பெண் கேட்டு வந்த இரண்டாம் நாள் மலைக்குக் கிளம்பும்போது கசோரே தனக்கு ஒன்றுமில்லை என்றான். உண்மைதான். மூங்கில் காட்டைத் தாண்டிய பிறகுதான் இருமல் ஆரம்பித்தது. மழையில் முகக்கவசம் நனைந்து மூச்சு முட்ட, அதைக் கீழே இழுத்துவிட்டான். இஷேமா என்ற தாய்க் கொரில்லா பக்கத்தில் தண்டு கடித்துக்கொண்டிருந்தது. அதன் குட்டி முதுகிலிருந்து இறங்கி அவனை வேடிக்கை பார்க்க வந்தது. போடா கீழே என்று நான் கசோரேயை விரட்டினேன். போனான். ஆனால் அதற்குள் நேரமாகிவிட்டது.

அடுத்த வாரம் அந்தக் கொரில்லாக் கூட்டமே இருமியது. கூட்டத்துக்குத் தலைமையான வெள்ளிமுதுகு ஆண்கூட எழாமல் கிடந்தது. பெரியவை தேறிவிட்டன. குட்டி தேறவில்லை.

இஷேமா பிணத்தைக் கீழே போடவில்லை. ஈ மொய்த்தது, மயிர் உதிர்ந்தது. அது அப்போதும் கோதிவிட்டுக்கொண்டே நடந்தது. எதனால் செத்தது என்று பார்க்க, கொரில்லாக்களின் மருத்துவர் உடலைக் கேட்டிருந்தார். தாயிடமிருந்து பிடுங்க முடியாது. அதுவாக விடும்வரை பின்னால் அலைந்தோம்.

"விடாம இருந்தா நல்லதுடா. அழுகிட்டா ஒண்ணும் தெரியாது இல்ல?" என்றான் கசோரே.



ஒரு நாள் இஷேமா பாசி படர்ந்த மரத்தடியில் குட்டியைக் கிடத்திவிட்டுப் போனது. சற்றுத் தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தது. பிறகு தின்ன ஆரம்பித்தது. கையுறை போட்டு அந்த உடலை எடுத்தவன் கசோரேதான். இஷேமா இன்னொன்று ஈன ஒரு வருஷமாவது ஆகும் என்று மட்டும் முணுமுணுத்தான்.

மனிதச் சளி என்று பரிசோதனை சொன்னது. யாருடைய சளி என்று சொல்லவில்லை. பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களும்தான் இருமுகிறார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை.

பெண்ணுக்காக மாப்பிள்ளை தர வேண்டிய சீர் மாடு பேசும் நாள் வந்தது. தனக்காகப் பேச கசோரே என்னையும் அழைத்துப் போனான். செபாகோவின் பேரப்பிள்ளைகள் மூலையில் இருமிக்கொண்டிருந்தார்கள். அவர் குழலை உறிஞ்சிவிட்டுக் கசோரேயின் பக்கம் திருப்பினார். அவன் பையிலிருந்து ஒரு தம்ளரை எடுத்து நீட்டினான்.

"இதுல ஊத்துங்க மாமா."

செபாகோ தம்ளரை வாங்காமல் கேட்டார்.

"மருமகன் பெரிய மனுஷனாயிட்டாரு. இல்ல, நம்ம பானையில விஷம்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"விஷம் இல்ல மாமா. சளி. போன தடவை இங்கேருந்து கொண்டுபோய் ஒரு கொரில்லாக் குட்டியைக் கொன்னுட்டேன்."

செபாகோ தம் ஆட்களைச் சுற்றிப் பார்த்தார். "நாளைக்கு என் பேரனுக்கு மூக்கொழுகினா இவரு வீட்டுக்குள்ள வருவாரா, மலைக்கு ஓடிருவாரா? கேட்டுச் சொல்லுங்கப்பா."

சிலர் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னால் முகாந்தோரி நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. கசோரே நீட்டிய தம்ளரை இறக்கவில்லை. யாரும் ஊற்றவும் இல்லை.

செபாகோ குழலை என் பக்கம் திருப்பினார். நானும் மறுத்தால் பெண் இல்லை. உறிஞ்சினேன். புளித்திருந்தது.

மாட்டைப் பற்றி அவர் அதன்பிறகு பேசவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டார்.

திரும்பும் வழியில் கசோரே என்னை விட்டுத் தள்ளியே நடந்தான். வெற்றுத் தம்ளர் இன்னும் அவன் கையிலேயே இருந்தது.

"இந்த வாரம் நீ மலை ஏறாதடா," என்றான்.

"தெரியும்."