கட்டில் காலுக்குத் தண்ணீர்

விடிந்ததும் தேவராசா கிணற்றடியில் முகம் கழுவினான். ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். கட்டிலின் கால்கள் நான்கும் நான்கு மண்சட்டிகளில் நின்றன. குறைந்திருந்த தண்ணீரை நிரப்பினான். பிள்ளைப்பேற்றுக்கு முதல், எறும்பு ஏறாமலிருக்க மனைவி பராசக்தி வைப்பித்த சட்டிகள். கட்டிலில் இப்போது யாரும் படுப்பதில்லை. பிள்ளை பிறந்த ஆறாம் நாள் அவள் காய்ச்சலில் போனாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

கட்டிலுக்கு இரண்டு முழம் தள்ளி, அவளுடைய சேலையில் கட்டிய ஏணை கூரை வளையிலிருந்து தொங்கியது. உள்ளே பிள்ளை. அவன் தமக்கை அருமைநாயகி பருக்கிய தகரப் பேணி ரின்பாலின் இனிப்பு மணம் அறையில் நின்றது.

மூன்று நாளாக மழை விடவில்லை. பண்டத்தரிப்பு வயல்கள் நிரம்பி வெள்ளம் முற்றத்துக்கு வந்துவிட்டது. அதில் அப்பமளவு செந்நிறமாக ஒன்று மிதந்து வந்து வாசற்படியில் ஒதுங்கியது. எறும்புகள். ஒன்றையொன்று கவ்வி, முட்டைகளை நடுவில் ஏந்தி, தாங்களே தெப்பமாகி வந்திருந்தன.

நேற்றுக் காலை அவன் ஒரு கூட்டம் எறும்பை வாளித் தண்ணீரில் அமுக்கி வைத்தான். பின்னேரம் ஒன்றும் அசையவில்லை. விறாந்தை மூலையில் கொட்டினான். இன்று அந்த மூலை வெறுமையாக இருந்தது. கல்லூரியில் விலங்கியல் படிப்பிக்கிறவன் அவன், நீரில் மூழ்கிய எறும்பு மயங்கித்தான் கிடக்கும் என்று தெரியும். இருந்தாலும் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றான். செத்துக் கிடந்தவை எழும்பிப் போயிருந்தன.

பக்கத்து வளவு ஏரம்பு வெள்ளத்தை அளைந்துகொண்டு வந்தார்.

"என்ன மாஸ்ரர், எறும்புக்கும் பள்ளிக்கூடம் வைச்சிட்டியளோ?"

"உவன் உப்பிடித்தான் அண்ணை," என்றாள் அருமைநாயகி. "அவள் போன நாள் துவக்கம் உதுகளோடைதான் சீவியம்."

"பாவம். பராசக்தி கடைசியிலை ஏதும் கதைச்சதோ?"

"முருகா எண்டவள். அந்த ஒரு சொல்லுத்தான்."

பராசக்தி போன நேரம் அருமைநாயகி குசினி அடுப்படியில் நின்றாள். அறையில் இருந்தவன் தேவராசா மட்டும்.

"குழந்தையின்ரை சத்தத்தைக் காணேல்லை?" என்றார் ஏரம்பு.

"வயிறு நிறையக் குடிச்சவள். நித்திரை."

தேவராசா உள்ளே போனான். சட்டித் தண்ணீர் தெளிவாக இருந்தது. கட்டிலில் ஓர் எறும்பு இல்லை. பிறகு சுவரைப் பார்த்தான். நிலைப்படியிலிருந்து ஒரு சிவப்புக் கோடு சுவரேறி, வளையைத் தொட்டு, ஏணைக் கயிற்றில் இறங்கியது. கயிறே சிவந்திருந்தது.

சேலையை விலக்கினான். பால் காய்ந்த கடைவாயில் மொய்த்திருந்தன. ஒரு கண்ணிமையில் இரண்டு.

வாரித் தூக்கி, கையால் வழித்து வழித்து எறிந்தான். பிள்ளை அசையவில்லை. மறுபடி வழித்தான். பிறகு, எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல, அவள் வீரிட்டாள். அவன் நிலத்தில் இருந்துவிட்டான். கை நெருப்பாய் எரிந்தது. உதற விழுந்தவை வரிசை கூடி மறுபடியும் சுவரில் ஏறத் தொடங்கின.

பராசக்தி கடைசியாகப் பேசிய அன்றைக்கு நல்ல வெயில். வீட்டில் ஓர் எறும்பு இல்லை. காய்ச்சல் பேச்சென்று நினைத்துத்தான் அவன் "ஓம், ஓம்" என்றான். அவள் புதிதாய்க் கட்டிய ஏணையையே பார்த்தபடி கிடந்தாள்.

"இஞ்சருங்கோ, ஏணைக் கயித்திலை மண்ணெண்ணெய்ச் சீலை ஒண்டு சுத்திவிடுங்கோ. மழை துவங்கினா அதுகள் மேலாலைதான் வரும்."