எண்பத்தைந்தாம் ஆண்டுப் பத்திரம்

ஒரே வயிற்றில் பிறந்ததற்கு ஹட்டன் கடைத்தெருவில் விலை இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். அறுபத்தைந்தாம் ஆண்டு ஐப்பசியில், ஒரு சனிக்கிழமை முற்பகல் நிலவரம் அது. பகல் சாப்பாட்டுக்குள் இறங்கிவிட்டது. விலை என்று ஒன்று இருந்தால் ஏறுவதும் இறங்குவதும் அதன் பிறவிக் குணம். அதை ஊருக்கே சொல்லிக்கொடுக்கக் கூடியவர்கள்தான் சிவசாமியும் அவர் தம்பி ஆண்டியப்பனும்.

அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்ந்த அந்தக் கடையில் துணி, மளிகை, மலைக்காய்கறி மூன்றும் உண்டு. பேரம் பேசாமல் ஒரு சாக்கு மிளகாய்கூட அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை. எதிரே நிற்பவன் வாயால் சொன்ன விலையை அவர்கள் நம்பியதே கிடையாது. பாதியில் ஆரம்பித்து முக்காலில் முடிப்பார்கள். முருகனிடமும் அப்படித்தான். காய்ச்சலில் காவடி என்று நேர்ந்துகொண்டு, காய்ச்சல் விட்டதும் பேசிப் பேசித் தேங்காய்க்கு இறக்கியவர்கள். அப்பேர்ப்பட்டவர்கள் ஒரே ஒரு விலையை மட்டும் பேரம் பேசாமல் பத்து வருஷம் நம்பினார்கள். அது அரசாங்கம் அச்சடித்த விலை.

ஐம்பத்தைந்தில் தேயிலை நல்ல விலைக்குப் போனது. தோட்டத்து ஜனங்கள் கையில் காசு புழங்க, கடையில் லாபம் தங்கியது. கொஞ்சம் பவுனாயிற்று, கொஞ்சம் சரக்காயிற்று, ஒரு லொறி வந்தது. மிஞ்சியதில் சிவசாமி இரண்டு அரசாங்கக் கடன் பத்திரங்கள் வாங்கினார். தலா பத்தாயிரம், நூற்றுக்கு வருஷம் மூன்று ரூபாய் வட்டி. ஒன்றில் முதல் திரும்புவது அறுபத்தேழில், மற்றதில் எண்பத்தைந்தில். ஒரே முத்திரை, ஒரே கையெழுத்து, ஒரே தடித்த தாள். இரட்டைப் பிள்ளைகள் போல இரும்புப் பெட்டிக்குள் படுத்திருந்தன.

அறுபத்தைந்தில் பூண்டுலோயாவில் ஒரு கடை விலைக்கு வந்தது. ஆண்டியப்பனுக்கு வயது நாற்பது. தன் பெயரில் ஒரு பலகை தொங்கவேண்டும் என்ற ஆசைக்கு வயது இருபது. அச்சாரம் ஒன்பதாயிரம், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கட்டவேண்டும். தவறினால் நாவலப்பிட்டிக்காரன் ஒருவன் பணத்தோடு காத்திருந்தான். ஆகவே பாகம் பிரித்தார்கள். சண்டை ஏதும் இல்லை. கடை இருக்கிறவருக்கு, லொறி போகிறவனுக்கு, சரக்கும் பவுனும் சரிபாதி. கடைசியில் மிஞ்சியவை அந்த இரண்டு பத்திரங்கள்தான். பிரிக்கிறவன் முதலில் எடுக்கக்கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

"எடுடா ஆண்டி. ரெண்டும் பத்தாயிரம். எது வேணுமோ எடு" என்றார் சிவசாமி.

ஆண்டியப்பன் ஆண்டுகளைப் பார்த்தான். மூன்று ரூபாயை இரண்டே வருஷம் வாங்குகிறவன் கெட்டிக்காரனா, இருபது வருஷம் வாங்குகிறவனா? கடையைக் குத்தகைக்கு எடுத்தாலும் நீண்ட குத்தகைதானே லாபம்? முகத்தை உப்பில்லாத கஞ்சி போல வைத்துக்கொண்டு எண்பத்தைந்தை எடுத்தான். "அண்ணன் பாவம், வயசாயிருச்சு" என்று மனைவி பூரணியிடம் சொல்லும்போதுதான் அந்தக் கஞ்சியில் உப்பு விழுந்தது.

சனிக்கிழமை காலை பத்திரத்தை விற்க பாங்குக்குப் போனான். அங்கே பத்திர விவகாரங்களைப் பார்க்கும் கிளாக்கர் பேரின்பநாயகம், யாழ்ப்பாணத்துக்காரர். சிரிப்பதற்கும் ரசீது கேட்கிற மனிதர்.

"விக்கப் போறியளோ? நூற்றுக்கு எழுபத்தைஞ்சு எண்டு கொழும்பில கேக்கினம்."

ஆண்டியப்பன் சிரித்தான். எழுபத்தைந்தில் ஆரம்பித்தால் தொண்ணூற்றைந்துக்கு வந்துவிடுவார். "நல்லா இருக்குங்க ஐயா. கடைசி வெலையச் சொல்லுங்க."

"இதுதான் கடைசி விலை."

"நூறுன்னு அச்சடிச்சிருக்கு. கண்ணாடி போட்டிருக்கீங்கள்ல?"

"அது எண்பத்தைஞ்சில அரசாங்கம் தாற காசு. இண்டைக்கு ஆர் தருவினம்? இப்ப புதுக் கடனுக்கு நூற்றுக்கு அஞ்சு ரூபாய் வட்டி குடுக்கினம். பக்கத்துக் கதவில அஞ்சு கிடைக்கேக்க, உங்கட மூண்டு ரூபாய்ப் பத்திரத்தை முழு நூறு குடுத்து ஆர் வாங்குவான்?"

ஆண்டியப்பனுக்குச் சுருக்கென்று தைத்தது. புதுச் சேலை கட்டு கட்டாக வந்து இறங்கிய பிறகு பழைய கட்டை என்ன விலைக்குத் தள்ளுவான் என்று அவனுக்குத் தெரியாதா? மனசுக்குள் விரல் மடக்கினான். வருஷத்துக்கு இரண்டு ரூபாய் குறைகிறது. இருபது வருஷம். நாற்பது.

"அப்ப அறுபதுக்குத்தானே கேக்கணும்? எதுக்கு எழுபத்தஞ்சு தர்றான்? இதுல என்ன சூது?"

பேரின்பநாயகம் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் விக்க வந்தனீங்களோ, வாங்க வந்தனீங்களோ? எண்பத்தைஞ்சில வாற ரூபாயும் இண்டைக்குக் கையில இருக்கிற ரூபாயும் ஒண்டோ? தள்ளி வாற ரூபாய்க்குப் பாரம் குறைவு. அதால நாற்பது தேய்ஞ்சு இருபத்தைஞ்சாச்சு."

"அண்ணன் கையில இருக்குறதுக்கு?"

"அறுபத்தேழுக்கோ? தொண்ணூற்றாறு."

கல்லாப் பெட்டியில் கை விட்டவன் தேளைத் தொட்டது போல ஆண்டியப்பன் நின்றான். ஏழாயிரத்து ஐந்நூறு. வெள்ளிக்கிழமைக்கு ஒன்பதாயிரம். பவுனும் சரக்கும் பாக்கி விலைக்கு ஏற்கெனவே ஒதுக்கியாயிற்று. பூண்டுலோயாப் பலகை கண் முன்னால் கழன்று விழுந்தது. ஏமாற்றியதாக நினைத்தவன் ஏமாந்திருந்தால் அவனைப்போல் கோபக்காரன் உலகத்தில் கிடையாது. குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கினான்.

கடையில் சிவசாமி தூக்குக்கோலில் உருளைக்கிழங்கு மூட்டை நிறுத்துக்கொண்டிருந்தார். உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கும் நீண்ட இரும்புக் கோல் அது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் குட்டைக் கையில் மூட்டை மாட்டும் கொக்கி; அந்தப் பக்கம் வெட்டு வெட்டாக நீளும் கையில் நகர்த்துகிற இரும்புக் குண்டு.

"தெரிஞ்சுதானே வெச்ச?" என்று கத்தினான் ஆண்டியப்பன். "என் பத்திரம் எழுபத்தஞ்சாம், உன்னுது தொண்ணூத்தாறாம்! பத்தாயிரத்துல ரெண்டாயிரத்து ஐந்நூறு போச்சு. ஒரே வயித்துல பொறந்ததுக்கு நீ போட்ட வெலையா அது?"

தம்பி பேசக் கற்றதிலிருந்து 'நீங்க' என்று கேட்டுப் பழகிய அண்ணன் காதில் அந்த 'நீ' விழுந்ததும் உள்ளேயிருந்து சிவசாமியின் மனைவி அழகம்மா வந்துவிட்டாள். "என்ன தம்பி, மழையில மரியாதையும் கரைஞ்சிருச்சா?"

சிவசாமி நிதானமாகக் கையைத் துடைத்தார். "நீ அதை எடுத்தப்ப உன் மூஞ்சியப் பார்த்தேன்டா. திருவிழாப் பந்தியில ரெண்டு எலை சாப்பிட்டவன் மாதிரி இருந்துச்சு. இவன் என்னைய எதுலயோ ஏமாத்திட்டான், எதுலன்னுதான் தெரியலன்னு அன்னைக்கே ஒங்க அண்ணிகிட்ட சொன்னேன். கேளு அவகிட்ட."

அழகம்மா தலையாட்டினாள்.

பாங்கு அரைநாளோடு மூடியிருந்தது. பேரின்பநாயகம் ஒரு கையில் தன் குடையும் மறு கையில் ஆண்டியப்பன் மறந்த குடையுமாக, வாராந்தச் சாமான் வாங்க வந்து சேர்ந்தார். சிவசாமி அவரை உட்கார வைத்து விஷயத்தைக் கேட்டார்.

"அப்ப என்னுதும் கொறஞ்சிருச்சா?"

"ஓம். நானூறு."

சிவசாமி எழுந்து இரும்புப் பெட்டியைத் திறந்தார். பத்திரத்தை வெளியே எடுத்தார். திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்தார், மோந்துகூடப் பார்த்தார்.

"எலி இல்ல. கரையான் இல்ல. பூட்டு பூட்டுனபடி இருக்கு, சாவி என் அரைஞாண்ல இருக்கு" என்றார், குரல் தாழ்ந்து. "கொழும்புல ஒருத்தர் பேனாவத் தொறந்தா, இங்க பூட்டுன பெட்டிக்குள்ள ரூபா கரையுதா?"

முன்பு நோட்டன் பிரிட்ஜ் மின் நிலையத்தில் யாரோ ஒருவன் தண்ணீர்க் கதவைத் திருக, மலைக்கு இந்தப் பக்கம் ஒரு பல்பு எரிந்தபோது இதே போலத்தான் கடைத்தெருவே வாய் பிளந்து நின்றது. ஆனால் பல்புக்குக் கம்பி இருந்தது. இதற்குக் கம்பியும் இல்லை. வட்டி அங்கே ஏறுகிறது, விலை இங்கே இறங்குகிறது. எத்தனை இரும்புப் பெட்டிகள், எத்தனை ஊர்கள், எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில், சத்தமே இல்லாமல்.

"சரி, ஏறட்டும், எறங்கட்டும்" என்றார் சிவசாமி. "எனக்கு நாலு, இவனுக்கு இருபத்தஞ்சா? ஒரே காத்துதானே அடிச்சுது?"

ஆண்டியப்பனின் கை பழக்கத்தால் தூக்குக்கோலில் கிடந்தது. மூட்டையும் குண்டும் சமமாகி, கோல் மட்டமாக நின்றிருந்தது. கோபத்தில் கையில் அகப்பட்ட கால் றாத்தல் எடைக்கல்லை, கயிற்றுக்குப் பக்கத்திலுள்ள வெட்டில் மாட்டினான். கோல் இலேசாகத் தலையாட்டியது. கல்லை எடுத்து அடுத்தடுத்த வெட்டுகளுக்குத் தள்ளினான். கோல் சாய்ந்துகொண்டே போனது. கடைசி வெட்டில் மாட்டியபோது நுனி தரையைப் பார்த்துத் தலைகுப்புற இறங்க, உருளைக்கிழங்கு மூட்டை அந்தரத்தில் துள்ளியது.

கல் அதே கல்தான். ஒரு குன்றிமணி கூடவில்லை.

"அண்ணே" என்றான். 'நீ' எங்கோ போய்விட்டிருந்தது. "இந்தக் கல்லுதான் ஏறுன வட்டி. கோலுதான் வருஷம். உங்க பத்திரம் கயித்துக்கிட்ட ரெண்டாவது வெட்டுல நிக்குது. என்னுது நுனியில நிக்குது. எவ்வளவு தள்ளி நிக்குதோ, அவ்வளவு ஆட்டம்."

பேரின்பநாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோலையே பார்த்தார். "நான் இருபது வருஷமா அட்டவணை பாத்துச் சொல்லுறன். இப்பிடிக் கண்ணால பாக்கேல்லை. இப்ப கல்லைக் கழட்டிப் பாருங்கோ."

எடுத்தான். நுனி கூரையை நோக்கித் துள்ளி எழுந்தது.

"வட்டி திரும்ப இறங்கினால் ஆகவும் உயரத்துக்குத் துள்ளுறதும் அந்த நுனிதான். இறங்குமோ, ஏறுமோ, அதை மட்டும் என்னட்டைக் கேளாதேயுங்கோ."

சிவசாமி எட்டிக் கோலைப் பிடித்தார். பத்து வருஷமாகத் தினமும் தொட்ட கோல். அதற்குள் இவ்வளவு பெரிய உலகம் தொங்கிக்கொண்டிருந்ததை ஒருநாளும் பார்த்ததில்லை. பிறகு அவருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார்.

"பத்திரம் ரெண்டுலயும் சேர்த்து மூவாயிரத்துக்கு நூறு கொறைய நட்டம். ஆனா பவுன் ஏறியிருக்கு. இறக்குமதியக் கட்டுப்படுத்துனதுலேருந்து நம்ம சேலைத்துணி என்ன வெலை போகுது? கூட்டிப் பார்த்தா ரெண்டுலயும் மூவாயிரத்துக்கு மேலயே ஏறியிருக்குமே. மொத்தப் பெட்டியையும் கொக்கியில மாட்டுனா எடை கொறையலியே?"

"விலைவாசி ஏறினதாலதான் வட்டியும் ஏறினது. பத்திரத்தை இறக்கின காத்துத்தான் உங்கட பவுனை ஏத்தினது" என்றார் பேரின்பநாயகம். "எல்லாக் காலத்திலயும் இப்பிடி அமையும் எண்டில்லை. ஆனால் நாலு விதமா வைச்சிருந்தபடியால், ஒண்டு இறங்கேக்க ஒண்டு தாங்கினது. பிரிச்சு ஒருத்தன் விக்க வேண்டி வந்த உடன, இறங்கினது முழுக்க அவன்ர தலையில விழுந்திட்டுது."

சிவசாமி தன் கையிலிருந்த அறுபத்தேழைத் தம்பியிடம் நீட்டினார். "இதை வித்தா ஒன்பதாயிரத்து அறுநூறு. பூண்டுலோயாவுக்குப் போதும். உன்னுத இங்க குடு."

"உங்களுக்கு அது எதுக்கு அண்ணே?"

"நான் எங்க போறேன்? கடை ஓடுது, பவுன் இருக்கு, நான் அதை விக்க வேண்டியதில்ல. வருஷம் முந்நூறு வருது. எண்பத்தஞ்சுல முழுசாத் தருவான்."

"சும்மா இல்லைப் பாருங்கோ" என்று குறுக்கிட்டார் பேரின்பநாயகம். "அஞ்சு வாங்கவேண்டிய இடத்தில இருபது வருஷம் மூண்டு வாங்கப் போறியள். நட்டம் எங்கயும் போகேல்லை. மெல்ல மெல்லக் குடுக்கிறியள், அவ்வளவுதான்."

"அப்ப அதுக்கும் கணக்கு உண்டு" என்றார் சிவசாமி உடனே. "ரெண்டாயிரத்து நூறு வித்தியாசம். பாதிக்குப் பாதி, ஆயிரத்து ஐம்பது. அதை நீ எனக்குத் தரணும்டா."

இரண்டாயிரத்து ஐந்நூறைத் திருடிவிட்டாய் என்று கத்திக்கொண்டு வந்தவன் ஆயிரத்து ஐம்பது கடன்காரனாக நின்றான். அழகம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தவணை?" என்றான் ஆண்டியப்பன்.

"அரசாங்கம் எனக்கு எப்பத் தருதோ, அப்ப நீ தா. எண்பத்தஞ்சு."

"வட்டி?"

சிவசாமி தோள்துண்டை எடுத்துத் தன் வலது கையின் மேல் போட்டார். மாட்டுச் சந்தையில் பேசுவது போல. ஆண்டியப்பன் துண்டுக்குள் கையை விட்டான். ஐந்து விரலையும் பிடிப்பார் என்று காத்திருந்தான். இன்றைய நிலவரம் அதுதான். அண்ணனின் முரட்டுக் கை அவன் விரல்களைத் தடவி வந்து, மூன்றைப் பிடித்து, நிறுத்தியது.

ஆண்டியப்பன் அண்ணனின் முகத்தைப் பார்த்தான். உப்பில்லாத கஞ்சி. இவருக்குத் தெரியுமா, தெரியாதா? மூன்று வட்டி, இருபது வருஷத் தவணை. தான் தரவேண்டிய பாக்கியே இன்னொரு எண்பத்தைந்தாம் ஆண்டுப் பத்திரம். அதையும் இந்த மனிதர் முழு விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கிறார், பேரம் பேசாமல். கோலின் நுனியில் போய் நின்றுகொண்டு, ஒரு ஆட்டமும் இல்லாமல்.

கை துண்டுக்குள் இருக்கும்போதே மனசு கணக்கை முடித்துவிட்டது.

அண்ணன் கொடுத்தது, தொண்ணூற்றாறு வீதம், ஒன்பதாயிரத்து அறுநூறு. வாங்கிக்கொண்டது, எழுபத்தைந்து வீதம், ஏழாயிரத்து ஐந்நூறு. வித்தியாசம் இரண்டாயிரத்து நூறு. தம்பி தலையில் பாதி, ஆயிரத்து ஐம்பது. அந்தப் பாக்கிக்கு எழுபத்தைந்து வீதம் இன்றைய விலை எழுநூற்று எண்பத்தேழு ரூபாய் ஐம்பது சதம். அண்ணன் விட்டுக்கொடுத்தது இருநூற்று அறுபத்திரண்டு ரூபாய் ஐம்பது சதம். ஒரே வயிற்றில் பிறந்த கணக்கில் பற்று. வரவு இன்னும் வைக்கவில்லை.