காலியாகத் திரும்பிய கிண்ணம்

மறதி நோய் வந்த பூங்கோதையின் தலைக்குள் போக வேண்டுமானால் இடது காதுக்குப் பின்னாலுள்ள சந்தில் திரும்ப வேண்டும். அவள் கணவர் தெய்வநாயகம் மத்தியானம் அங்கேதான் போனார். கூட வந்த டாக்டரம்மா செருப்பைக் கழற்றச் சொன்னார். கழற்றினார்.

உள்ளே ஒரே தெரு. வீட்டுக்கு ஒரு ஞாபகம் குடியிருந்தது. சுவர்களை நூல்தான் தாங்கிப் பிடித்திருந்தது. முதல் வீட்டில் அடுப்பை அணைக்கும் ஞாபகம். அங்கே நூல் சிக்கு விழுந்து சுவர் சாய்ந்திருந்தது. தெய்வநாயகம் மனசு கேட்காமல் சுவரைத் தடவிப் பார்த்தார். அடுத்தது தங்கச்சி பெயர் இருந்த வீடு. அதுவும் போச்சு.

"எப்படிம்மா பரவுது?"

"கிண்ணத்துலதாங்க."

சங்கதி அவ்வளவுதான். பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணம் வந்தால் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? வாங்கிக்கொள்கிறார்கள். கிண்ணத்தோடு உள்ளே வந்த சிக்கு அந்த வீட்டு நூலையும் சிக்காக்குகிறது. வீட்டம்மா அதில் ஒரு துண்டைக் கிண்ணத்தில் போட்டு அடுத்த வீட்டுக்கு நீட்டுகிறாள். யார் மனசிலும் கள்ளமில்லை. தெரு மட்டும் அழிந்துகொண்டிருந்தது.

கடைசி வீட்டில் தெய்வநாயகமே இருந்தார். வாலிப வயசு. இலை முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பூங்கோதை பரிமாறினாள். இந்த வீடும் சாய்ந்தால் தெருவில் நின்ற தெய்வநாயகம் அவளுக்கு யாரோ ஒரு ஆள்.

பக்கத்து வீட்டம்மா கிண்ணத்தோடு படியிறங்கினாள்.

"ஐயோ, தடுக்க ஆளில்லையா?"

"உடம்புல காவல்காரங்க இருக்காங்க. உருவம் பெருசு, சந்துலயே நுழைய முடியல. அதான் சின்ன ஆளுங்களா ஒட்டகத்துகிட்ட கேட்டு வாங்கியாந்தேன்."

டாக்டரம்மா கைப்பையைத் திறந்தார்.

அடேயப்பா! சுண்டுவிரல் நகத்தளவு ஆட்கள். ஒட்டகத்தின் ரத்தத்தில் பிறந்தவர்களாம். ஆளுக்கு ஒரே கை. அதுவும் சிக்கின் முனையைப் பிடிக்கவென்றே அளவெடுத்துச் செய்த கை. மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்று சும்மாவா சொன்னார்கள்! கிண்ணத்தில் ஏறினார்கள். முனையைப் பிடித்தார்கள். சிக்கோடு தெருவில் குதித்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

பூங்கோதை வாசலில் கிண்ணத்தை வாங்கிப் பார்த்தாள்.

"என்னக்கா, ஒண்ணுமே இல்ல?"

"அட, ஆமா!"

இருவரும் சிரித்தார்கள். பூங்கோதை கிண்ணத்தைக் காலியாகவே திருப்பிக் கொடுத்தாள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

தெய்வநாயகம் நடுத்தெருவில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். வேறென்ன செய்ய?

"கொஞ்சம் தள்ளிப் படுங்க," என்றார் சிக்கைப் பிடித்திருந்த ஒருவர்.

"சாஞ்ச வீடெல்லாம் நிமிருமாம்மா?"

"அது எனக்குத் தெரியலங்க. இந்த வீடு சாயாது."

அது போதும் என்று எழுந்து கடைசி வீட்டுப் படியேறினார். குட்டி ஆட்கள் அவர் கட்டைவிரலைப் பிடித்து நிறுத்தினார்கள்.

"நீங்க உள்ள போகக் கூடாது."

"என் வீடுய்யா!"

"கையில சிக்கு ஒட்டியிருக்கு."

பார்த்தார். ஒட்டித்தான் இருந்தது. அதனால் வாசலிலேயே நின்றார்.

உள்ளே பூங்கோதை கரண்டியோடு குனிந்தாள்.

"ஏங்க, ரசம் ஊத்தவா?"

"ஊத்து," என்றார் இலை முன்னால் இருந்தவர்.

"ஊத்து," என்றார் வாசலில் நின்றவர்.

அவள் நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இன்னோர் இலை எடுத்து வந்து வாசலில் போட்டாள்.